புதுப் பெட்டியின் கூச்சல்

எனக்குக் கோபம் அதிகம் என்று பட்டினப்பாக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மீன் விற்கிறவளுக்குக் கோபம் இல்லாவிட்டால், வஞ்சிரத்தை நெத்திலி விலைக்குக் கேட்கிறவர்களிடம் எப்படிப் பிழைப்பது? ஆனால் இதுவரை மனிதர்களிடம்தான் சண்டை போட்டிருக்கிறேன். ஓர் இரும்புப் பெட்டியோடு மூன்று வாரம் வாய்ச்சண்டை போட்டது போன ஆடி மாசம்தான்.

பெட்டி என்றால் கம்ப்யூட்டர். தி. நகரில் ஒரு கடையில் வாங்கி, ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். மீன்காரிக்கு எதற்குக் கம்ப்யூட்டர் என்று கேட்பீர்கள். கேட்காத ஆள் இல்லை. கெங்கம்மா ஒருத்தியே பத்துத் தடவை கேட்டாள். அவள் எனக்கு இரண்டு விதத்தில் பக்கத்துக்காரி. ஹவுசிங் போர்டில் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. லூப் ரோடு மார்க்கெட்டிலும் என் பலகைக்குப் பக்கத்துப் பலகை அவளுடையது. தப்பிக்கவே முடியாது.

என் பெயர் ஜாஸ்மின். பன்னிரண்டு வருடமாக எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு பைபிள் வாசகம் வாசிக்கிறேன். பேசினால் எனக்கு ‘இன்னா’, ‘கீது’ என்றுதான் வரும். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் அந்த ஜாஸ்மின் போய் வேறு ஒருத்தி வந்துவிடுவாள். ஒரு ழகரம் தவறாது. ஃபாதர் பிரசங்கத்தில் தூங்குகிறவர்கள்கூட என் வாசகத்துக்கு விழித்திருப்பார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அப்படிக் கேட்ட ஒரு சிஸ்டர்தான் தரமணியில் இருக்கும் கம்பெனியைப் பற்றிச் சொன்னார். கண் தெரியாத பிள்ளைகள் அரசுத் தேர்வுக்குப் படிப்பதற்காகப் பாடப் புத்தகங்களைக் குரலில் பதிந்து கொடுக்கிறார்களாம். பத்துப் புத்தகம், ஒரு வருட வேலை. வீட்டிலிருந்தே வாசிக்கலாம். ஆனால் போனில் பதிந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், கம்ப்யூட்டரும் மைக்கும் வேண்டும். முதலில் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு சாம்பிள் அனுப்பவேண்டும். இதையெல்லாம் போனில் விளக்கியது அனு என்கிற பெண். அந்தக் கம்பெனியில் ஆள் எடுப்பது அவள்தான்.

எனக்கு அந்த வேலை வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படி வேண்டும். நாற்பத்து மூன்று வயதாகிறது. இத்தனை வருடம் இந்தத் தொண்டை ‘சங்கரா, சங்கரா, வவ்வாலு’ என்றே கத்தியிருக்கிறது. மீனுக்காக இல்லாமல், என் குரலுக்காகவே யாராவது என்னைத் தேடவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் வந்தது. மேஜை போட்டோம். மறுநாள் மத்தியானம் மார்க்கெட்டிலிருந்து வந்து குளித்து, தலை வாரி, பூசைக்குப் போகிற புடவையே கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். குரலுக்கு எதற்குப் புடவை என்று கேட்காதீர்கள். சுவிட்சைப் போட்டதும் பெட்டி ‘உய்ய்ய்’ என்று ஆரம்பித்தது. சரி, புதுசு, அடங்கும் என்று பார்த்தேன். அடங்குவதாவது! பத்து நிமிடத்தில் கிரைண்டரும் மிக்ஸியும் சேர்ந்து ஓடுகிற மாதிரி ஆகிவிட்டது. கடையில் ஓட்டிக் காட்டியபோது மூச்சு விடவில்லையே என்று யோசித்தேன். பாண்டி பஜார் ஹாரன் சத்தத்தில் உனக்கு எதுடி கேட்டிருக்கும் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அந்தச் சத்தத்தோடேயே வாசித்து அனுப்பினேன். மறுநாள் அனு போன் செய்தாள். “குரல் ரொம்ப நல்லா இருக்கு மேடம். பின்னாடி ஏதோ மிஷின் ஓடுதே, அதை ஆஃப் பண்ணிட்டு இன்னொரு தடவை அனுப்புங்களேன்.”

ஆஃப் செய்தால் எதில் பதிவது? அந்த மிஷினில்தானே பதிகிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கெங்கம்மா வாசலில் வந்து நின்றாள். “இன்னாமே ஜாஸ்மினு, வூட்ல மாவு மில்லு வச்சிக்கினியா? எங்க வூட்டுச் சுவரே அதிருது.”

“கம்ப்யூட்டருமே அது.”

“கம்ப்யூட்டரு இப்டியா கத்தும்? ஏரோப்ளேன வாங்கியாந்து வச்சிக்கினு கம்ப்யூட்டருன்றா.”

என் வீட்டுக்காரர் பிரபாகரிடம் சொன்னேன். ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். எஞ்சினைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. “புதுசுல அப்டித்தான் கத்தும்மே,” என்றார். “ஓட ஓடத்தான் பதத்துக்கு வரும். கெடக்குது வுடு.”

அவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். உப்புக் காற்று என்றால் அவருக்கு எமன். எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடல். அந்தக் காற்றில் ஒரு ஆணியை வைத்தால் ஒரு மாதத்தில் தூளாகிவிடும். அதனால் வீட்டில் எது புதிதாக வந்தாலும் மனிதர் அதைச் சுற்றிக் கட்டிவிடுவார். டி.வி. ரிமோட் பிளாஸ்டிக் உறைக்குள். ஃப்ரிட்ஜ் வந்தபோது ஒட்டியிருந்த தாள் இன்னும் அதன் மேலேயே. பீரோ கீலுக்கு கிரீஸ். எங்கள் கல்யாண ஆல்பத்தை மூன்று கவருக்குள் போட்டு வைத்திருக்கிறார், பார்க்கவேண்டுமானால் பிரிப்பதற்கே கால் மணி நேரம் ஆகும்.

நானே ஒரு வழி செய்கிறேன் என்று பெட்டியின் மேல் கம்பளியைப் போர்த்தினேன். இன்னும் கூடக் கத்தியது. மெத்தையை மடித்துப் பெட்டிக்கும் மைக்குக்கும் நடுவில் வைத்தேன், அதற்கும் அடங்கவில்லை. மைக்கை மட்டும் பாத்ரூமுக்கு இழுத்துக்கொண்டு போய், வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து வாசித்தேன். அந்த இரண்டாவது சாம்பிளுக்கு அனு, “மேடம், கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு, அந்த மிஷினும் இன்னும் ஓடுது,” என்றாள். அவள் நல்ல பெண், மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் காது சூடாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மறுபடி போன் வந்தது. இந்த முறை குரல் இறங்கியிருந்தது. “மேடம், இதுக்கு மேல என்னால தள்ள முடியாது. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சுத்தமான ஃபைல் வந்தாகணும். இன்னும் ரெண்டு பேர் அனுப்பியிருக்காங்க, அவங்க ஸ்டூடியோல எடுத்தவங்க. உங்க குரல் எனக்குப் பிடிச்சிருக்கு, அதனாலதான் இவ்ளோ நாள் வெயிட் பண்ணேன்.”

போனை வைத்துவிட்டு உடனே கடைக்கு அடித்தேன். எனக்குப் பெட்டியை விற்ற ஹபீபுர் ரஹ்மான்தான் எடுத்தான். விஷயத்தைச் சொல்லி, போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்துச் சத்தத்தைக் கேட்கவைத்தேன்.

“அல்லாவே! இந்த மாடல் இப்படிக் கத்தாதே அக்கா,” என்றான். “காத்து போற ஓட்டைய எதாச்சும் மறைக்குதா? சுவத்தோட ஒட்டி வச்சிருக்கீங்களா?”

“தம்பி, நான் இன்னா பச்சப் புள்ளையா? சுவத்தாண்டயே இல்ல. ஓட்டையெல்லாம் பளிச்சுனு தெரியுது. நீ குட்த்த ஃபேனுதான் சரியில்ல.”

“சரிக்கா, கொண்டாந்துடுங்க. ஆனா சர்வீஸ் பையன் லீவு, திங்கக்கிழமைதான் வருவான்.”

எனக்கு நாளைக்கு அஞ்சு மணிக்கு வேலை போகப்போகிறது, இவன் திங்கட்கிழமை என்கிறான். வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு வைத்தேன். அப்புறம் சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதேன். மீன்காரி மீன் விற்கிறதை விட்டு இதெல்லாம் எதற்கு என்று ஊர் சிரிக்கும் என்று அழவில்லை. ஊர் சிரித்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுக்க எனக்குத் தெரியும். இரண்டு ஸ்டூடியோக்காரர்களை விட நான் நன்றாக வாசிப்பேன் என்று எனக்குத் தெரிந்தும், பெட்டிக்குள் ஒரு காத்தாடி கத்துவதால் தோற்கப்போகிறேனே என்றுதான் அழுதேன்.

சனிக்கிழமை மீனைச் சீக்கிரம் தள்ளிவிட்டு ஒரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்தேன். கடைசி முயற்சியாகப் பெட்டியைப் பீரோவுக்குள் வைத்து, ஒயரை மட்டும் வெளியே விட்டு, கதவைச் சாத்தினேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. ஆஹா என்று வாசிக்க ஆரம்பித்தேன். நாலாவது நிமிடம் திரை கறுப்பாகிவிட்டது. ஓடிப்போய்ப் பீரோவைத் திறந்தால் முகத்தில் அனல் அடித்தது. பெட்டியைத் தொட முடியவில்லை, தோசைக்கல் மாதிரி கொதித்தது.

வெளியே எடுத்து வைத்து ஆறவிட்டேன். திரும்பப் போட்டால் மறுபடி அதே ‘உய்ய்ய்’. மணி மூன்றாகிவிட்டது. ஆத்திரத்தில் அதை இரண்டு தட்டு தட்டலாம் என்று பின்பக்கம் கையைக் கொண்டுபோனவள், அப்படியே நின்றுவிட்டேன்.

காற்று வரவில்லை.

இவ்வளவு கத்துகிற காத்தாடி ஊதவேண்டாமா? உள்ளங்கையை ஓட்டைகளின் மேல் வைத்துப் பார்த்தேன். மேலே வைத்தேன், முன்னால் வைத்தேன். எங்கேயும் ஒரு மூச்சும் இல்லை. மீன் வாங்கும்போது நாங்கள் கண்ணின் பளபளப்பை மட்டும் பார்க்க மாட்டோம். செவுளைத் தூக்கி உள்ளே பார்ப்போம். வெளியே எல்லாம் சரியாக இருக்கிறதென்று ரஹ்மானிடம் சத்தியம் செய்தேனே, இதன் செவுளை நான் தூக்கிப் பார்க்கவே இல்லை.

டிராயரைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரைத் தேடினேன். அதுவரை பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த பிரபாகர் எழுந்து உட்கார்ந்தார்.

“இன்னாமே பண்ற? அத்த தொறக்காத! வாரண்டி பூடும்.”

அதைச் சொல்லிவிட்டு எழுந்து நின்று லுங்கியை அவிழ்த்துக் கட்டினார். ஒரு தடவை கட்டினால் சரி. மறுபடி அவிழ்த்துக் கட்டினார். இருபது வருடமாக இவரோடு குடித்தனம் நடத்துகிறேன். எதையாவது மறைத்தால் இந்த மனிதருக்கு லுங்கி இடுப்பில் நிற்காது.

“யோவ், இன்னா பண்ண?”

“நான் இன்னா பண்ணேன்? ஒண்ணும் பண்ல.”

நான் ஸ்க்ரூவைக் கழற்றினேன். ஸ்க்ரூ வழவழவென்று வந்தது, கிரீஸ் தடவியிருந்தது. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. பக்கத் தகட்டை இழுத்தேன்.

உள்ளே அத்தனை ஓட்டைகளையும் கெட்டியான கண்ணாடி பிளாஸ்டிக்கால் அடைத்திருந்தார். பின்னால், மேலே, முன்னால். மூலைகளை மடித்து, டேப்பை நூல் பிடித்த மாதிரி வெட்டி ஒட்டியிருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் ஓட்டை ஓட்டையாகவே தெரியும். மேல் பிளாஸ்டிக்கின் ஓரத்தில், வெளியே தெரியாத இடத்தில், ஆரோக்கிய மாதா படம் வேறு ஒட்டியிருந்தது.

“உப்புக் காத்துமே,” என்றார் மெதுவாக. “ஆடிக் காத்து வேற. ஒரு மாசத்துல துரு புட்சிக்கும். பெட்டி வந்த மறுநாளு கடலு சரியில்லனு வூட்ல இருந்தேன்ல, நீ மார்க்கெட்டுக்குப் போயிருந்த. அப்பத்தான் அடச்சேன். சொன்னா நீ கத்துவனு சொல்லல.”

“நான் கத்துவேன்னு, அத்த மூணு வாரமா கத்த வுட்டியா?”

“படகுல ஜி.பி.எஸ்.ஸ இப்டித்தான் கட்டி வச்சிக்கிறேன். ஆறு வருசமாச்சு, ஒரு பொட்டு துரு இல்ல.”

“ஜி.பி.எஸ்.ல ஃபேன் கீதாய்யா?”

யோசித்தார். “இல்ல.”

“படகு எஞ்சினுக்குத் தண்ணி போற ஓட்டைய அடச்சா இன்னா ஆவும்?”

“அதெப்டி அடப்பாங்க? எஞ்சினு சூடேறிப் பூடும். கத்தும். அப்பால நின்னு...” என்று ஆரம்பித்தவர் வாயை மூடிக்கொண்டார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லுங்கியை அவிழ்த்துக் கட்டினார்.

நான் கத்தினேன். எப்படிக் கத்தினேன் என்றால், கெங்கம்மா அந்தப் பக்கத்திலிருந்து சுவரைத் தட்டினாள். மூன்று வாரம், இரண்டு சாம்பிள், பாத்ரூம், பீரோ, பாவம் அந்த ரஹ்மான் பையன் வாங்கிய திட்டு, எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தினேன். ஆனால் டேப்பைப் பிரிக்க உட்கார்ந்தபோது கோபம் போய்விட்டது. ஒவ்வொரு மூலையையும் அவ்வளவு பதமாக மடித்திருந்தார். வேறு ஒருவர் என்றால் பெண்டாட்டிக்கு ஒரு முழம் பூ வாங்கிக் கொடுத்திருப்பார். இவருக்குத் தெரிந்தது இது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது.

மாதா படத்துக்கு மட்டும் சிலுவை போட்டுக்கொண்டு, “மன்னிச்சுக்கோ தாயே,” என்று சொல்லிப் பிரித்தேன். அதைச் சுவரில் ஒட்டினோம்.

சுவிட்சைப் போட்டேன். ‘உய்’ என்று ஒரு தடவை எழுந்தது. அவ்வளவுதான். ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று சந்தேகமாகி, குனிந்து விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். எரிந்தது. உள்ளங்கையைப் பின்னால் வைத்தேன், இளம் சூடாகக் காற்று வந்துகொண்டிருந்தது. மூன்று வாரத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக் கடிகாரம் நகர்கிற சத்தத்தைக் கேட்டேன். அந்த நிமிடம் பிரபாகரின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினேன். அவருக்கு அது எதற்கு என்று புரியவில்லை.

மணி நாலு அடிக்கப் பத்து நிமிடம். ஜன்னல் கதவுகளைச் சாத்தினேன். மேலே ஓடும் மின்விசிறியை நிறுத்தினேன். கடிகாரத்தைக் கழற்றித் துணிக்குள் சுற்றினேன். செய்த பாவத்துக்குப் பரிகாரமாகப் பிரபாகர் மாடிப்படியில் போய் நின்றுகொண்டார். மேலே ஏறி வந்த தண்ணீர் கேன் ஆளை அங்கேயே உட்காரவைத்தார். கெங்கம்மா வீட்டுக்குப் போய், மசாலா அரைக்க மிக்ஸியில் கை வைத்தவளைத் தடுத்தார். அவளும் “பன்னெண்டு நிமிசந்தானே, என் கொழம்பு கெட்டுப் பூடாது,” என்று சொல்லிவிட்டாளாம்.

அனு கொடுத்திருந்த பாடம் வெள்ளைக்காரன் காலத்து நிலவரி. ரயத்துவாரி முறை, ஜமீன்தாரி முறை. இத்தனை தடவை வாசித்ததில் எனக்கு மனப்பாடமே ஆகியிருந்தது. ஆனால் மனப்பாடமாக ஒப்பிக்கவில்லை. யாரோ ஒரு பிள்ளை எதிரில் உட்கார்ந்து கேட்கிறது, அதற்குப் புரியவேண்டும், மறக்கக்கூடாது என்று நினைத்து வாசித்தேன். வருடம் வரும் இடத்தில் நிறுத்தினேன். பெயர் வரும் இடத்தில் அழுத்தினேன். வியர்வை முதுகில் ஓடியது, துடைக்கவில்லை. கடைசி வரி முடிந்து, மூச்சை அடக்கி மூன்று எண்ணி, பதிவை நிறுத்தினேன். போட்டுக் கேட்டால் என் குரலைத் தவிர ஒன்றும் இல்லை. நாலு நாற்பதுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்தேன். பிரபாகரும் தண்ணீர் கேன்காரரும் படியில் உட்கார்ந்து ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தகவல் இல்லை. திங்கட்கிழமை காலை மார்க்கெட்டில் நல்ல கூட்டம். நான் ஒரு அம்மாளுக்குச் சங்கரா வெட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கையைப் புடவையில் துடைத்து எடுத்தேன். அனு ஏதோ சொன்னாள். ஒரு பக்கம் ஏலம், ஒரு பக்கம் பேரம், ஐஸ் உடைக்கிற சத்தம். ஒரு வார்த்தை புரியவில்லை.

“மேடம், கேக்கல!”

அவள் மறுபடி சொன்னாள். ‘சாம்பிள்’ என்பது மட்டும் காதில் விழுந்தது. அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. ஐஸ் பெட்டி மேல் ஏறி நின்று, எனக்குக் கடவுள் கொடுத்த தொண்டையில் இருந்த அத்தனையையும் திரட்டிக் கத்தினேன்.

“எல்லாம் வாய மூடுங்க! தரமணிலேர்ந்து போனு!”

நீங்கள் நம்ப மாட்டீர்கள். மார்க்கெட் அடங்கியது. வெட்டுகிற கத்தி நின்றது. ஏலம் கூவியவர் கையைத் தூக்கியபடியே நின்றார். கெங்கம்மா தன்னிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த ஆளின் வாயைக் கையாலேயே பொத்தினாள். ஸ்பீக்கரைப் போட்டேன்.

“இப்ப சொல்லுங்க மேடம்.”

“மூணு பேர் சாம்பிளையும் பேர் சொல்லாம பசங்களுக்குப் போட்டுக் காட்டினோம் மேடம். படிக்கப்போற பசங்க, பத்துப் பேர். எந்தக் குரல் வேணும்னு அவங்களையே கேட்டோம்.” அனு நிறுத்தினாள். “ஒம்போது பேர் உங்களைத்தான் கேட்டாங்க. ஒரு பொண்ணு, போன வருஷம் தேர்வுல தோத்தவ, அழுதுட்டா மேடம். இந்த அக்கா வாசிச்சுக் குடுத்தா நான் பாஸ் பண்ணிடுவேன்னு சொன்னா. பத்துப் புத்தகமும் உங்களுக்குத்தான்.”

ஐஸ் பெட்டி மேல் நின்றபடியே சிலுவை போட்டுக்கொண்டேன். கெங்கம்மா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, என் காலைக் கட்டிக்கொண்டாள்.

“எந்த ஸ்டூடியோல எடுத்தீங்க மேடம்? அவ்ளோ சுத்தமா இருக்கு.”

“எங்க வூட்லதான்,” என்றேன்.

“அப்ப அந்த மிஷின் சத்தம்? யார் சரி பண்ணிக் குடுத்தாங்க?”

“நான்தான் மேடம். நானேதான் சரி பண்ணேன்.”

அவ்வளவுதான், மார்க்கெட் வெடித்தது. விசில் பறந்தது. யாரோ மீன் தட்டை எடுத்துக் கரண்டியால் அடித்தார்கள். “எங்க ஜாஸ்மினுடா!” என்று கெங்கம்மா போட்ட கூச்சல் கலங்கரை விளக்கம் வரைக்கும் போயிருக்கும். சங்கரா வாங்க வந்த அம்மாள்கூட விஷயம் முழுதாகத் தெரியாமலேயே கை தட்டினார்.

“அய்யோ, அங்க என்ன மேடம் அவ்ளோ சத்தம்?” என்றாள் அனு.

“கத்தட்டும் மேடம்,” என்றேன். “இன்னிக்கு எம்மா நேரம் வோணும்னாலும் கத்தட்டும்.”